அத்தியாயம் 7: முதலில் பாடத்திட்டம், பிறகு நாடு

கிண்ணியாவில் உயர்தரப் பெறுபேறு வெளியான வாரத்தில் வீடுகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரு நாட்டின் பெயரோடுதான் தொடங்கும். மாமா மெல்பேர்னில் இருக்கிறார். சாச்சாவின் மகன் லண்டனில் படிக்கிறான். கோலாலம்பூர் என்றால் சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் கஷ்டமில்லை. நாடு முடிவானதும் ஓர் ஏஜன்சி, அது காட்டும் இரண்டு மூன்று பல்கலைக்கழகங்கள், அவற்றில் கட்டணம் குறைந்த ஒன்று என்று பேச்சு நகர்கிறது. மகனோ மகளோ மூன்று நான்கு வருடம் உட்கார்ந்து படிக்கப்போகும் பாடம் எல்லாவற்றுக்கும் பின்னால் வருகிறது.

கணினி, செயற்கை நுண்ணறிவுப் பட்டங்களைப் பொறுத்தவரை இந்த வரிசைதான் பிள்ளைகளை அதிகம் வருத்துகிறது. வரிசையை மாற்றிப் பார்க்கச் சொல்கிறேன். முதலில் உங்கள் கையில் இருக்கும் கணிதத்தைப் பாருங்கள், அடுத்து பாடத்திட்டத்தை வாசியுங்கள், பிறகு வீட்டின் பணத்தைக் கணக்கிடுங்கள். நாடு கடைசியில் தானாகவே தெரியவரும்.

கையில் இருக்கும் கணிதம்

இன்று செயற்கை நுண்ணறிவு என்று பேசப்படுவதன் அடியில் மூன்று கணிதப் பகுதிகள் இருக்கின்றன: ஏகபரிமாண அட்சரகணிதம், நிகழ்தகவு, நுண்கணிதம். கேள்விக்குப் பதில் எழுதும் ஒரு மென்பொருள், ஒவ்வொரு சொல்லையும் அல்லது சொல்லின் துண்டையும் நூற்றுக்கணக்கான, சிலவேளை ஆயிரக்கணக்கான எண்களைக் கொண்ட ஒரு காவியாக வைத்திருக்கிறது. அந்தக் காவிகளைத் தாயங்களால் திரும்பத் திரும்பப் பெருக்கி, அடுத்து எந்தத் துண்டு வர எவ்வளவு நிகழ்தகவு என்று கணிக்கிறது. பயிற்சியின்போது கணிப்பு எவ்வளவு பிழைத்தது என்பதை வகையிட்டுப் பார்த்து, தாயங்களுக்குள் இருக்கும் எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்துகிறது. இணைந்த கணிதம் செய்த மாணவருக்கு இதில் வரும் தாயம், காவி, வகையீடு, நிகழ்தகவு என்ற எல்லாவற்றின் தொடக்கமும் ஏற்கெனவே தெரியும். கிண்ணியா மத்திய கல்லூரியிலோ அல் அக்ஸாவிலோ முஸ்லிம் மகளிர் கல்லூரியிலோ தமிழ் மொழியில் படித்த கணிதம் அங்கே செல்லாது என்று நினைக்க வேண்டாம். சொற்கள்தான் மாறும், கணிதம் மாறாது. இப்போதே ஒரு கொப்பியில் இந்தச் சொற்களின் ஆங்கிலப் பெயர்களை எழுதத் தொடங்குங்கள். முதலாம் ஆண்டின் முதல் மாதத்தில் நம் பிள்ளைகளுக்கு வரும் தடுமாற்றத்தில் பாதி இந்தப் பெயர்களால் வருவது.

இணைந்த கணிதம் செய்யாதவர் நிலைமை வேறு. உயிரியல், வர்த்தகம், தொழினுட்பத் துறைகளில் நல்ல பெறுபேறு எடுத்தவருக்கும், பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களின் கணினி அறிவியல் கதவு நேரடியாகத் திறப்பது அரிது. பிரிட்டனில் அப்படிப்பட்ட இடங்கள் உயர்தரக் கணிதத்தைக் கட்டாயமாகவே கேட்கின்றன. உங்களுக்கு மூன்று வழிகள் உண்டு: ஓர் அடிப்படை ஆண்டு படிப்பது, கணிதம் குறைவாகக் கேட்கும் தகவல் தொழினுட்பம் அல்லது தகவல் முறைமைகள் பட்டத்துக்குப் போவது, உயர்தரத்தை மறுபடி எழுதுவது. அடிப்படை ஆண்டு என்றால் இன்னொரு வருடக் கட்டணமும் இன்னொரு வருடச் செலவும் சேர்ந்தது என்பதை வீட்டில் முதலே சொல்லிவிடுங்கள்.

பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை கிடைக்கும் மாதங்களை வீணாக்காதீர்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சிஎஸ் 50 என்ற அறிமுகப் பாடநெறி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. விரிவுரைகளைப் பார்ப்பது மட்டும் போதாது, அதன் பயிற்சிக் கணக்குகளைச் செய்ய வேண்டும். ஒரு நிரல் வேலைசெய்யாமல் இரண்டு நாள் தலையைக் குடைந்து, மூன்றாம் நாள் பிழை பிடிபடும்போது மனதுக்கு எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். அது பிடித்திருந்தால் இந்தத் துறை உங்களுக்கானது. வெறுப்பாக இருந்தால், இலட்சக்கணக்கில் செலவழிக்கும் முன்பே தெரிந்துகொண்டது நல்லது.

பட்டத்தின் பெயரும் உள்ளே இருப்பதும்

அமெரிக்காவில் செயற்கை நுண்ணறிவுக்கென்று முதல் இளமானிப் பட்டத்தை 2018இல் தொடங்கியது கார்னகி மெலன் பல்கலைக்கழகம். அதன்பின் அந்தப் பெயரோடு பட்டங்கள் உலகமெங்கும் பெருகின. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. சில இடங்களில் அது கணிதம் கனத்த முழுமையான கணினி அறிவியல். வேறு சில இடங்களில் பழைய தகவல் தொழினுட்பப் பட்டத்தில் இரண்டு பாடங்களை மாற்றிப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஏஜன்சி தேவையில்லை. பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் அந்தப் பட்டத்தின் ஆண்டுவாரிப் பாடப் பட்டியல் இருக்கும். அதைப் பதிவிறக்கி, அச்செடுத்து, பேனையோடு உட்காருங்கள். முதலாம் இரண்டாம் ஆண்டுகளில் நிரலாக்கம், பின்னக கணிதம், ஏகபரிமாண அட்சரகணிதம், நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும், தரவுக் கட்டமைப்புகள், அல்கோரிதம்கள், இயக்க முறைமைகள், தரவுத்தளம் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இயந்திரக் கற்றல், மொழிச் செயலாக்கம், கணினிப் பார்வை போன்றவை மூன்றாம் ஆண்டில் வந்தால் போதும். அல்கோரிதமும் நிகழ்தகவும் இல்லாமல் முதலாம் ஆண்டிலேயே செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பழக்கும் பட்டத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். கருவிகள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. நீங்கள் படித்து முடிக்கும்போது அவற்றில் பல மறக்கப்பட்டிருக்கும்.

இளமானிக்குக் கணினி அறிவியல், விருப்பப் பாடங்களாகவோ முதுமானியிலோ செயற்கை நுண்ணறிவு என்பதே பெரும்பாலான பிள்ளைகளுக்கு நல்ல பாதை என்பது என் அபிப்பிராயம். கணினி அறிவியல் பட்டதாரி மென்பொருள், தரவு, வலையமைப்பு, பாதுகாப்பு என்று எந்தப் பக்கமும் திரும்பலாம். பதினெட்டு வயதில் ஒரே பக்கத்தில் கதவைப் பூட்டிக்கொள்ள வேண்டியதில்லை. கணிதத்தில் உண்மையான ஆர்வமும், பாடத்திட்டம் கனமாக இருப்பதும் உறுதியானால் மட்டும் செயற்கை நுண்ணறிவுப் பட்டத்துக்கு நேராகப் போகலாம்.

டிப்ளோமாவுக்குப் பின் ஒரு வருடத்தில் பட்டமாக்கித் தரும் பாடநெறிகளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். வேலைக்கு அவை உதவலாம். ஆனால் ஜேர்மன் பல்கலைக்கழகங்கள் முதுமானி விண்ணப்பத்தில் கணிதத்துக்கு எத்தனை திறமைப்புள்ளி, கோட்பாட்டுக் கணினியியலுக்கு எத்தனை என்று பாடம் பாடமாக எண்ணிப் பார்ப்பவை. கடைசி வருடம் மட்டும் பல்கலைக்கழகத்தில் படித்தவருக்கு அந்த எண்ணிக்கையில் பெரும்பாலும் குறைவு வரும்.

போகும் முன் இங்கே கிடைப்பது

இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வெளிநாட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். பெரும்பாலான பாடநெறிகளுக்கு அனுமதி 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்று பகிரப்படுகிறது. அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று. கொழும்பு மாவட்டத்திலிருந்து விண்ணப்பித்திருந்தால் கிடைக்காத ஓர் இடம் உங்கள் இசட் புள்ளிக்கு இங்கே கிடைக்கக்கூடும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தகவல் தொழினுட்ப பீடத்தில் செயற்கை நுண்ணறிவுக்கென்றே சிறப்புப் பட்டம் இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கற்கைகள் பள்ளியை எல்லோரும் அறிவர். நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் கணினி அறிவியல் படிக்கலாம், வீட்டிலிருந்தே போய்வரலாம். சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. இவை எல்லாம் கட்டணமில்லாப் படிப்பு. இவற்றில் ஒன்றை நல்ல வகுப்பில் முடித்தவருக்கு முதுமானிப் புலமைப்பரிசில் கிடைக்கும் வாய்ப்பு, இளமானிக்குக் கிடைக்கும் வாய்ப்பைவிடப் பல மடங்கு அதிகம்.

கொழும்பில் உட்கார்ந்தே வெளிநாட்டுப் பட்டம் பெறும் வழியும் உண்டு. உதாரணமாக, 1990இல் தொடங்கிய இன்போமெற்றிக்ஸ் இன்ஸ்டிட்யூட் ஒப் டெக்னொலஜியில் ஸ்கொட்லாந்தின் ரொபர்ட் கோர்டன் பல்கலைக்கழகம் வழங்கும் செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் என்ற பட்டம் படிக்கலாம். அரசின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் உள்நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட சில தனியார் நிறுவனங்களின் பட்டங்களுக்கு இருக்கிறது. வட்டிக்கு அஞ்சி ஒதுங்கும் குடும்பங்கள் இதைத் தவறாமல் விசாரிக்க வேண்டும்.

நாடுகள்

இந்தியாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் ஊரில் அதிகம் பேசப்படாத, ஆனால் மிகவும் பயனுள்ள வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது. இந்திய அரசு இலங்கை மாணவருக்கென்று வழங்கும் புலமைப்பரிசில்களில் ராஜீவ் காந்தி திட்டம் தகவல் தொழினுட்பத்தில் பி.ஈ. அல்லது பி.டெக். பட்டம் படிப்பதற்கானது. நேரு நினைவுத் திட்டம் பொறியியல், விஞ்ஞானம் உட்பட வேறு இளமானிப் பட்டங்களுக்கு. மௌலானா ஆசாத் திட்டம் முதுமானிக்கு. படிப்புக் கட்டணமும் மாதக் கொடுப்பனவும் தங்குமிடத்துக்கான தொகையும் கிடைக்கும். கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் விண்ணப்பம் கோரும்போது உயர்தரப் பெறுபேறும் ஆங்கிலமும் பார்க்கப்படும். இதற்கு எந்த ஏஜன்சிக்கும் ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. புலமைப்பரிசில் இல்லாமல் போவதானால் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவருக்குத் தனியாக அனுமதி வழங்குகிறது. சென்னை ஐஐடி (இந்தியத் தொழினுட்பக் கழகம்) இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பட்டத்துக்குத் தகுதிகாண் படிநிலை ஒன்று உண்டு. நான்கு வாரப் பாடங்களைப் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவர் சேரலாம். உங்கள் கணிதம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை அளந்துபார்க்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. அதே ஐஐடி 2023இல் சான்சிபாரில் வளாகம் திறந்து தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் என்ற நான்கு வருட இளமானியைத் தொடங்கியது. வெளிநாட்டில் திறக்கப்பட்ட முதல் ஐஐடி வளாகம் அதுதான்.

வாப்பா வளைகுடாவில் வேலைசெய்யும் குடும்பங்கள் கிண்ணியாவில் ஏராளம். அந்த நாடுகளைப் படிக்கும் இடமாக யாரும் பார்ப்பதில்லை. டோஹாவில் கார்னகி மெலன் 2004 முதல் வளாகம் நடத்துகிறது, கணினி அறிவியல் அங்கே உண்டு. அபுதாபியில் 2019இல் நிறுவப்பட்ட முகம்மது பின் சாயித் செயற்கை நுண்ணறிவுப் பல்கலைக்கழகம் நீண்டகாலம் முதுமானி, கலாநிதிப் படிப்புகளை மட்டுமே நடத்தியது. 2025இல் இளமானியும் தொடங்கிவிட்டது. டெல்லி ஐஐடியின் அபுதாபி வளாகத்தில் 2024 முதல் கணினி அறிவியல் பி.டெக். நடக்கிறது. மூன்றிலும் போட்டி கடுமை. ஆனால் வாப்பா இருக்கும் நகரத்திலேயே மகளும் படிக்கலாம் என்றால், தனியே அனுப்பத் தயங்கும் வீட்டில் பேச்சு வேறு திசையில் போகும்.

மலேசியாவில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவைச் சிறப்புத் துறையாகக் கொண்ட கணினி அறிவியல் பட்டம் உண்டு. சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகமும் நம்மவர் அறிந்ததே. தனியார் கல்லூரி என்றால் அந்தப் பட்டத்துக்கு மலேசியத் தகைமை நிறுவனத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அந்த நிறுவனத்தின் பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள். துருக்கி அரசின் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பம் இலவசம், வழமையாக ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் திறக்கும். பெரும்பாலானோர் முதல் ஒரு வருடம் துருக்கி மொழி படிக்க வேண்டியிருக்கும்.

ஜேர்மனியில் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை. விதிவிலக்குகள் உண்டு: பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர் அரையாண்டுக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும், மியூனிக் தொழினுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவம் முதல் கட்டணம் அறவிடுகிறது. வாழ்க்கைச் செலவுக்கென்று முடக்கக் கணக்கில் வருடத்துக்கு 11,904 யூரோ வைத்துக் காட்ட வேண்டும், இது நம் பணத்தில் நாற்பது இலட்சம் ரூபாவைத் தாண்டும். இளமானி கணினி அறிவியல் பெரும்பாலும் ஜேர்மன் மொழியில்தான் நடக்கிறது, ஆங்கிலத்தில் படிக்கும் வாய்ப்பு முதுமானியில்தான் அதிகம். எனவே இங்கே இளமானியை முடித்துவிட்டு அங்கே முதுமானிக்குப் போவது பொருத்தமான வழி.

பிரிட்டன், அவுஸ்திரேலியா, கனடா மூன்றிலும் விதிகள் வருடத்துக்கு வருடம் இறுகிக்கொண்டு வருகின்றன. அவுஸ்திரேலிய மாணவர் வீசாக் கட்டணம் 2024 ஜூலையில் 1,600 அவுஸ்திரேலிய டொலர் ஆனது, 2025 ஜூலையில் 2,000 டொலர் ஆனது. வீசா மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. பிரிட்டனில் பட்டம் முடித்தபின் தங்கி வேலை தேடும் காலம் இரண்டு வருடமாக இருந்தது, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளமானி, முதுமானிப் பட்டதாரிகளுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. ஆகவே இரண்டு வருடத்துக்கு முன் போன உறவினர் சொல்லும் தகவலை வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்தந்த அரசின் இணையதளத்தில் அன்றைய திகதியில் இருப்பதை வாசியுங்கள்.

அமெரிக்கா செல்வந்தருக்கு மட்டும் என்பது முழு உண்மையில்லை. எம்ஐடி, ஹார்வர்ட், பிரின்ஸ்டன், யேல் போன்ற சில, வெளிநாட்டு மாணவரின் வறுமையைப் பார்த்து விண்ணப்பத்தை ஒதுக்குவதில்லை. தெரிவானால் குடும்ப வருமானத்துக்கேற்ப உதவித்தொகை தருகின்றன. தெரிவாவது மிக அரிது. முயல விரும்புவோர் கொழும்பிலுள்ள அமெரிக்க-இலங்கை புல்பிரைட் ஆணைக்குழுவின் ஆலோசனைப் பிரிவை உயர்தரத்தின் முதலாம் ஆண்டிலேயே தொடர்புகொள்ள வேண்டும்.

எந்த நாடானாலும், அரச வேலையோ விரிவுரையாளர் பதவியோ மனதில் இருந்தால் அந்தப் பல்கலைக்கழகத்தை நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள்.

பணம்

2022 மார்ச் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அதே வருடம் மே மாதத்தில் 360 ரூபா. கட்டணம் ஒரு டொலர்கூட ஏறாமல், வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் குடும்பங்களுக்குச் செலவு முக்கால் மடங்குக்கு மேல் கூடியது. கிண்ணியாவில் வெளிநாட்டுப் படிப்புக்குப் பணம் வருவது பெரும்பாலும் நகை, காணி, வாப்பாவின் வளைகுடாச் சம்பளம் ஆகிய மூன்றிலிருந்துதான். சம்பளம் ரியாலிலோ திர்ஹத்திலோ வரும் குடும்பம் ரூபாய் விழுந்தாலும் ஓரளவு தாங்கும். வயலை விற்று ரூபாயை வங்கியில் வைத்திருக்கும் குடும்பத்தால் தாங்க முடியாது. ஆகவே கணக்குப் போடும்போது முழுப் படிப்புக் காலத்தின் கட்டணம், வருட வாழ்க்கைச் செலவு, மருத்துவக் காப்புறுதி, வீசா, விமானச் சீட்டு, மடிக்கணினி எல்லாவற்றையும் கூட்டி, அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து எழுதுங்கள். அந்தத் தொகைக்கு வழியில்லை என்றால் அந்த நாடு இப்போதைக்கு வேண்டாம்.

பகுதிநேர வேலையால் கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்ற பேச்சை நம்பவே வேண்டாம். பிரிட்டனில் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணிநேரம், அவுஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணிநேரம் மட்டும்தான் சட்டப்படி வேலைசெய்யலாம். அது சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் உதவும். இரவு வேலை முடித்துவிட்டு காலையில் நிகழ்தகவு விரிவுரையில் தூங்கும் பிள்ளை இரண்டாம் ஆண்டில் தோற்கும், தோற்ற பாடத்துக்கு மறுபடி கட்டணம் கட்ட நேரும்.

வீசாவுக்காக யாரோ ஒருவரின் பணத்தைச் சில வாரம் உங்கள் கணக்கில் போட்டுக் காட்டித் தருகிறோம் என்று சொல்பவரிடமிருந்து உடனே விலகுங்கள். பிரிட்டன் அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்ததா என்று பார்க்கிறது. ஏமாற்று என்று முடிவானால் பத்து வருடம்வரை அந்த நாட்டுக்குள் நுழையத் தடை வரலாம், அந்தக் கறை மற்ற நாடுகளின் விண்ணப்பங்களிலும் கேள்வியாக வரும்.

ஏஜன்சி

ஏஜன்சி எல்லாம் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. அவர்கள் எப்படி உழைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள். ஒப்பந்தம் வைத்திருக்கும் பல்கலைக்கழகம், சேர்ந்த மாணவரின் முதல் வருடக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தரகாகக் கொடுக்கிறது. தரகு தராத இடத்தை ஏஜன்சி காட்டாது. கட்டணமில்லாத ஜேர்மன் அரச பல்கலைக்கழகமோ, இந்திய அரசின் புலமைப்பரிசிலோ, மொறட்டுவையோ அந்த மேசையில் ஒருபோதும் பேச்சுக்கு வராததன் காரணம் இதுதான்.

அவர்களிடம் போவதென்றால் மூன்று விடயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். விண்ணப்பத்துக்கான மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் உங்கள் கையில் இருக்க வேண்டும். படிப்புக் கட்டணம் பல்கலைக்கழகத்தின் பெயரிலுள்ள கணக்குக்கு வங்கி வழியாகவே போக வேண்டும். அசல் சான்றிதழ்களும் கடவுச்சீட்டும் யாரிடமும் தங்கக் கூடாது.

விண்ணப்பம்

2024, 2025 ஆகிய இரண்டு வருடமும் உயர்தரப் பரீட்சை நவம்பர் மாதத்தில்தான் தொடங்கியது. 2024 பரீட்சையின் பெறுபேறு 2025 ஏப்ரல் கடைசியில் வந்தது. 2025 பரீட்சை டித்வா புயலால் இடையில் நின்று 2026 ஜனவரியில் தொடர்ந்தது. பிரிட்டனின் பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸின் பிரதான முடிவுத் திகதியோ ஜனவரி மாதத்தில் வருகிறது. ஆக, பெறுபேறு இல்லாமலே விண்ணப்பித்து, எதிர்பார்க்கும் சித்திகளை ஆசிரியர் எழுதித்தர, நிபந்தனையோடு அனுமதி பெறுவதுதான் அங்குள்ள வழக்கம். நம் பாடசாலைகளில் இது பழக்கமில்லாத காரியம். அதிபரிடமும் கணித ஆசிரியரிடமும் ஒக்டோபரிலேயே பேசுங்கள். உங்கள் தவணைப் புள்ளிகள், செய்த செயற்றிட்டங்கள், படிக்க விரும்பும் பட்டத்தின் விபரம் மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அப்போதுதான் அவர் எழுதும் கடிதத்தில் உங்களைப் பற்றி ஏதாவது இருக்கும். ஒழுக்கமான, கீழ்ப்படிவுள்ள மாணவர் என்று மட்டும் எழுதிய கடிதத்தால் பயனில்லை.

யூகாஸில் ஐந்து தெரிவுகள். 2026 சேர்க்கையிலிருந்து தன்விளக்கக் கட்டுரை மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: இந்தப் பாடம் ஏன், உங்கள் படிப்பு இதற்கு எப்படித் தயார்ப்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். மொத்தம் 4,000 எழுத்துருக்கள். சிறுவயதிலிருந்தே கணினி மீது ஆசை என்ற வரியை வாசிப்பவர் அன்று பலமுறை வாசித்திருப்பார். அவருக்குக் கிடைக்காதது உங்களிடம் இருக்கிறது. தமிழில் பேசினால் கைத்தொலைபேசி சரியாகப் புரிந்துகொள்வதில்லை, நம் ஊர்ப் பேச்சை இன்னும் குறைவாகவே புரிந்துகொள்கிறது. உம்மாவின் பேச்சைப் பதிவுசெய்து, அதை எழுத்தாக்கும் மென்பொருளில் போட்டு, எந்தச் சொற்களில் பிழைக்கிறது என்று ஓர் அட்டவணை போட்டுப் பாருங்கள். மாவிலாறு, தம்பலகாமம் பக்கம் வயல் செய்யும் ஒருவரின் உரச் செலவையும் விளைச்சலையும் சில போகங்களுக்கு விரிதாளில் ஏற்றிப் பாருங்கள். சிறிய வேலைதான். ஆனால் அதைச் செய்தவர் எழுதும்போது வரும் விபரம் கற்பனையில் வராது. சாட்ஜிபிடியிடம் எழுதச் சொல்லி அப்படியே அனுப்ப வேண்டாம். யூகாஸ் கட்டுரைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கிறது.

ஆங்கிலத் தகைமைக்குப் பெரும்பாலான இடங்கள் ஐஇஎல்டிஎஸ் 6.0 அல்லது 6.5 கேட்கும், பெறுபேறு இரண்டு வருடம் செல்லும். ஆங்கில மொழிமூலம் படித்தேன் என்று கடிதம் கொடுக்கும் குறுக்குவழி தமிழ் மொழிமூல மாணவருக்கு இல்லை, பரீட்சை எழுதியே ஆக வேண்டும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தபின் திருகோணமலை நகரில் மாலை வகுப்புக்குப் போய் மஃரிபுக்கு வீடு திரும்பலாம். ஆனாலும் வகுப்பைவிட, தினமும் ஒரு மணிநேரம் ஆங்கிலத்தில் கேட்பதும் ஒரு பந்தி எழுதுவதும் அதிகம் பலன் தரும்.

இனி, நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல், பெயர். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். முகம்மது, ரிஸ்வான், பாத்திமா போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதலாம். அடையாள அட்டையில் ஒரு விதம், சாதாரண தரச் சான்றிதழில் முதலெழுத்துகளோடு இன்னொரு விதம், கடவுச்சீட்டில் வாப்பாவின் பெயர் விரிந்து வேறொரு விதம். வீசா அதிகாரிக்கு இந்த மூன்று பெயரும் வெவ்வேறு ஆட்களுடையவையாகத் தெரியலாம். இதைச் சரிசெய்வதற்கு மாதக்கணக்கு ஆகும். அதனால் உயர்தரம் எழுதும் முன்பே எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே பயன்படுத்தச் சொல்லுங்கள். ஐஇஎல்டிஎஸ்ஸுக்குப் பதியும்போதும் விண்ணப்பத்திலும் கடவுச்சீட்டுப் பெயரை மாத்திரமே எழுதுங்கள். வித்தியாசம் தவிர்க்க முடியாததானால், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற சத்தியக்கடதாசியைச் சமாதான நீதவானிடம் முடித்து வையுங்கள்.

பெறுபேற்றுச் சான்றிதழின் ஆங்கிலப் பிரதியைப் பரீட்சைத் திணைக்களத்தின் இணையதளத்தின் மூலமே கோரலாம். வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் அத்தாட்சி தேவையான நாடு என்றால், புறப்படும் முன் நேரம் ஒதுக்கும் முறையையும், எந்த ஆவணத்தில் எந்த முன்கையொப்பம் வேண்டும் என்பதையும் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுமதி வந்தபின்

அனுமதிக் கடிதத்தில் கட்டணத்தைவிட முக்கியமாக வாசிக்க வேண்டியது பணம் திரும்பப் பெறும் நிபந்தனை. வீசா மறுக்கப்பட்டால் வைப்புத்தொகையில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பெண்பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் பெண்களுக்கென்று தனி விடுதி அல்லது தனி மாடி உண்டா, வளாகத்திலிருந்து எவ்வளவு தூரம், ஹலால் உணவு, தொழுகை அறை ஆகியவற்றைப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு நேராக மின்னஞ்சலில் கேளுங்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை, இப்படியான கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கே அந்த அலுவலகம் இருக்கிறது.

போய்ச் சேர்ந்த முதல் இரண்டு வாரத்தில் பல இடங்களில் விருப்பப் பாடங்களை மாற்றலாம், சில இடங்களில் பட்டத்தையே மாற்றலாம். தகவல் தொழினுட்பத்துக்குப் பதிந்து போனவர், கணிதத்தில் நம்பிக்கை இருந்தால் கணினி அறிவியலுக்கு மாற முடியுமா என்று அந்த நாட்களிலேயே பாட ஆலோசகரிடம் கேட்க வேண்டும். கணிதத்தில் திணறுபவர் மறுபக்கம் மாறவும் அதே நாட்கள்தான். கையொப்பமிடும் முன், அந்த மாற்றத்தால் வீசாவுக்குப் பாதிப்பு உண்டா என்று சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.